டிஸ்க் டிரைவரில் பழைய ஒட்டைப் பிரித்த பின் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

லினக்ஸ் கர்னலில் சாட்டா டிஸ்க்குகளைக் கவனிப்பது லிப்ஏடிஏ. அதற்குள் ஒரு நீளமான பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் ஒரு டிஸ்க்கின் மாடல் பெயர், தேவைப்பட்டால் ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள் ஓடும் மென்பொருள்) எண், அப்புறம் அந்த டிஸ்க்கிடம் என்ன செய்யக் கூடாது என்கிற குறிப்பு. இதை நீண்ட காலம் ஹார்க்கேஜ் என்றார்கள். 2024-இல் வந்த 6.12 பதிப்பிலிருந்து க்வர்க் என்று பெயர் மாறிவிட்டது. எந்தப் பெயரில் இருந்தாலும் இது ஒட்டுதான். டிஸ்க் செய்த தவறை டிரைவர் தாங்கிக்கொள்கிறது.

இந்தப் பட்டியலைச் சுத்தம் செய்ய நினைக்கிறவர்களுக்கும், செய்துவிட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு வரி இருப்பதால் ஏற்படும் செலவு மிகக் குறைவு. டிஸ்க்கைக் கண்டுபிடிக்கும் நேரத்தில் பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஆகவே "பழசாகிவிட்டது, யாரும் பயன்படுத்த மாட்டார்கள்" என்பது வரியை நீக்கப் போதுமான காரணம் இல்லை. 'டபிள்யூடிசி ஏசி11000ஹெச்' போன்ற பழைய டிஸ்க்குகளுக்கு டிஎம்ஏ (சிபியு இடையில் இல்லாமல் நினைவகத்துக்கு நேராகத் தரவு அனுப்பும் முறை) வேண்டாம் என்று சொல்லும் வரிகள் இன்றைக்கும் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. அவற்றை விட்டுவிடுங்கள். கைவைக்க வேண்டியவை, நல்ல டிஸ்க்கையும் சேர்த்து முடக்கிவைக்கும் அகலமான வரிகள்.

தொடங்கும் முன்

கர்னலைத் தொகுக்கவே வேண்டாம். பூட் அளவுருவில் 'லிப்ஏடிஏ.ஃபோர்ஸ்' என்று ஒன்று உண்டு. பலரும் இதை ஒரு வசதியை அணைக்க மட்டும் பயன்படுத்துகிறார்கள், உதாரணம் 'நோஎன்சிக்யூ' (என்சிக்யூ என்பது பல கட்டளைகளை ஒன்றாக வரிசையில் டிஸ்க்கிடம் கொடுக்கும் வசதி). ஆனால் புதிய கர்னல்களில் முன்னால் உள்ள 'நோ'வை எடுத்துவிட்டு 'என்சிக்யூ', 'என்சிக்யூடிரிம்' ("இந்த இடம் இனி வேண்டாம்" என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளையை வரிசையில் அனுப்புவது), 'எல்பிஎம்' (இணைப்பின் மின்சேமிப்பு) என்று கொடுத்தால், பட்டியல் போட்ட தடையை அது நீக்கிவிடும். பட்டியலைப் படித்த பிறகுதான் இந்த அளவுரு செயல்படுகிறது. எண் சேர்த்து '1.00:என்சிக்யூடிரிம்' என்று கொடுத்தால் முதல் போர்ட்டில் உள்ள டிஸ்க்குக்கு மட்டும் பொருந்தும். நீங்கள் நீக்க நினைக்கும் வரியை இப்படி ஒரு மாதம் நீக்கிவைத்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் ஒரு ரீபூட்டில் பழைய நிலைக்கு வந்துவிடலாம்.

6.12-க்குப் பிறகு, கர்னல் பதிவில் மாடல் பெயர், ஃபர்ம்வேர், அதற்குப் பொருந்திய க்வர்க் எல்லாம் ஒரே வரியில் வரும். பட்டியல் வரியை நீக்குவதற்கு முன்னும் பின்னும் இந்தப் பதிவு வரியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் பாதிப் பிரச்சினைகள் அந்த இரண்டு வரிகளை அருகருகே வைத்தாலே தெரிந்துவிடும்.

அறிகுறி: வாரத்தில் ஒரு நாள் மட்டும் கணினி அரை நிமிடம் உறைந்துபோகிறது

மற்ற நாளில் எந்தத் தொந்தரவும் இல்லை. திங்கட்கிழமை மட்டும் எல்லாம் நின்று, 30 வினாடி கழித்து உயிர் வருகிறது. பதிவைத் திறந்தால் 'ஃபெயில்டு கமாண்டு: சென்ட் எஃப்பிடிஎம்ஏ க்யூட்' என்று ஒரு வரி, அதைத் தொடர்ந்து 'டைம்அவுட்', பிறகு 'ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்'.

நீங்கள் நீக்கியது வரிசையில் போகும் டிரிம்மைத் தடுத்த வரியாக இருக்கும். திங்கட்கிழமைக்கும் காரணம் இருக்கிறது. பெரும்பாலான விநியோகங்களில் டிரிம் அனுப்பும் எஃப்எஸ்டிரிம் டைமர் வாரம் ஒருமுறை ஓடும்படி வைத்திருக்கிறார்கள், சிஸ்டம்டி கணக்கில் 'வாரம்' என்றால் திங்கள் தொடக்கம். இரவில் கணினி அணைந்திருந்தால், காலையில் திறந்ததும் விட்டுப்போன வேலையைச் செய்யத் தொடங்கும். 30 வினாடி என்பது ஒரு கட்டளைக்குப் பதில் வராவிட்டால் காத்திருக்கும் நேரம்.

உறுதி செய்ய ஒரு சுலபமான இடம் உண்டு. கர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ் அடைவில் 'ஏடிஏ டிவைஸ்' பகுதிக்குள் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் 'டிரிம்' என்ற கோப்பு இருக்கும். அதைப் படித்தால் 'க்யூட்', 'அன்க்யூட்', 'ஃபோர்ஸ்டு அன்க்யூட்', 'அன்சப்போர்ட்டட்' போன்ற ஒரு சொல் வரும். முன்பு 'ஃபோர்ஸ்டு அன்க்யூட்' என்று இருந்து இப்போது 'க்யூட்' என்று மாறியிருந்தால் விஷயம் முடிந்தது. அந்த டிஸ்க் தனக்கு அந்தத் திறமை இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறது, ஆனால் செய்ய முடியவில்லை.

சரிசெய்யும் போது வரியை அப்படியே திரும்ப வைக்காமல், குறுக்க முடியுமா என்று பாருங்கள். பட்டியலிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. க்ரூஷியல் எம்550, எம்எக்ஸ்100 வரிகளில் மாடல் பெயரோடு 'எம்யூ01' என்ற ஃபர்ம்வேர் எண்ணும் இருக்கிறது. அதற்குப் பிந்தைய ஃபர்ம்வேர் ஏற்றியவர்களுக்கு அந்தத் தடை பொருந்தாது. எனக்குப் பிடித்த வரிகள் அவை. யாரோ ஒருவர் பொறுமையாக இருந்து, எந்த ஃபர்ம்வேர் வரைக்கும் பிழை என்று பார்த்து எழுதியிருக்கிறார்.

டிரிம் பற்றிப் பேசும்போது 2015-இல் நடந்ததையும் சொல்லவேண்டும். அல்கோலியா நிறுவனம் தன் சர்வர்களில் தரவு சிதைவதைக் கண்டு, சாம்சங் எஸ்எஸ்டிகளின் டிரிம் மீது சந்தேகப்பட்டது. சாம்சங் பொறியாளர்கள் அதைத் தங்கள் பக்கம் மீண்டும் நிகழ்த்திப் பார்த்தபோது, ரெய்டு 0-இல் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக்கும் முறை) டிஸ்கார்டு, அதாவது டிரிம், கோரிக்கையைத் துண்டாக்கும் இடத்தில் கர்னலிலேயே பிழை இருந்தது தெரியவந்தது. அங்கே வரிசையில் போகும் டிரிம் பயன்பாட்டிலேயே இல்லை. ஆனால் அதே வருடம் சாம்சங் 8 வரிசைக்கு வரிசை டிரிம்மைத் தடுக்கும் வரியும் பட்டியலில் இருந்ததால், இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டவர்கள் ஏராளம். "ரெய்டு பிழையைத் திருத்திவிட்டார்கள், எனவே சாம்சங் வரியை எடுத்துவிடலாம்" என்ற வாதத்தை இன்றும் கேட்கிறேன். எடுக்கக் கூடாது. அது வேறு நோய்.

அறிகுறி: உங்கள் மேசையில் ஓடுகிறது, இன்னொருவரிடம் ஓடவில்லை

அதே டிஸ்க், அதே ஃபர்ம்வேர், அதே கர்னல். உங்களிடம் வாரக்கணக்கில் சோதித்தும் ஒரு பிழை இல்லை. இன்னொருவருக்குப் பூட் ஆகும்போதே பிழை மழை.

டிஸ்க்கைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கன்ட்ரோலரைப் பாருங்கள். சாம்சங் 860, 870 எஸ்எஸ்டிகளின் வரியில் குறைந்தது மூன்று குறிப்புகள் சேர்ந்து இருக்கும். வரிசை டிரிம் வேண்டாம், டிரிம் செய்த இடம் சுழியமாகத் திரும்பும், அப்புறம் 2021-இல் சேர்த்த 'ஏடிஐ மேல் என்சிக்யூ வேண்டாம்'. இந்த மூன்றாவது குறிப்பு டிஸ்க்கை மட்டும் பார்த்துச் செயல்படுவதில்லை. டிஸ்க் செருகியிருக்கும் கன்ட்ரோலரின் பிசிஐ தயாரிப்பாளர் எண் 1002 ஆக, அதாவது ஏடிஐ ஆக, இருந்தால் மட்டும் என்சிக்யூவை அணைக்கும். பழைய ஏஎம்டி மதர்போர்டுகளில் அந்த எண் வரும். இன்டெல் போர்டில் உட்கார்ந்து சோதிக்கிறவருக்கு இந்தக் குறிப்பு இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். ஆகவே அவருடைய சோதனை வெற்றி எதையும் நிரூபிக்காது.

பாதிக்கப்பட்டவரிடம் பிசிஐ சாதனப் பட்டியலை எண்களோடு எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 1002 இருந்தால் அவரை 'லிப்ஏடிஏ.ஃபோர்ஸ்=நோஎன்சிக்யூ' போட்டு ஓட்டச் சொல்லுங்கள். பிழை நின்றால், நீங்கள் எடுத்த குறிப்பைத் திரும்ப வைக்கவேண்டும். என்சிக்யூ இல்லாமல் வேகம் குறையும்தான். ஆனால் அந்த ஜோடிக்கு வேறு வழி கிடைக்கவில்லை.

அறிகுறி: என்சிக்யூ தடையை எடுத்த பிறகு படிப்பதிலும் எழுதுவதிலும் பிழைகள்

'ரீட் எஃப்பிடிஎம்ஏ க்யூட்', 'ரைட் எஃப்பிடிஎம்ஏ க்யூட்' என்று மாறிமாறி வருகிறது. பார்த்தவுடன் "என்சிக்யூதான் காரணம், வரியைத் திரும்ப வை" என்று தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும். நான் மிகவும் நேரம் இழந்த இடமும் இதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சர்வரில் இதே அறிகுறி. நான் முந்தின வாரம்தான் ஒரு என்சிக்யூ தடையைக் குறுக்கியிருந்தேன், எனவே பழி என் மேல் விழுந்தது, நானும் ஏற்றுக்கொண்டேன். வரியைத் திரும்ப வைத்தோம். பிழை குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அந்த "நிற்கவில்லை" என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். மூன்றாம் நாள், டிஸ்க் தன் உடல்நலத்தைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையைத் திறந்தேன். 199-ஆம் எண், யூடிஎம்ஏ சிஆர்சி பிழைக் கணக்கு, காலையில் பார்த்ததைவிட மதியம் கூடியிருந்தது. சர்வரின் மூடியைத் திறந்து பார்த்தால் சாட்டா கேபிள் டிரைவ் கூட்டின் விளிம்பில் மடங்கி, மேலுறையில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது. கேபிளை மாற்றினோம். தடையை மறுபடி குறுக்கினோம். அதற்குப் பிறகு அந்த எண் கூடவே இல்லை.

பிரித்தறிய மூன்று இடங்கள் பாருங்கள். பிழை வரியில் 'எஸ்எர்' (இணைப்பில் நேர்ந்த பிழையின் குறி) என்பதற்குப் பக்கத்தில் 'பேட்சிஆர்சி', '10பி8பி' போன்ற சொற்கள் இருந்தால் கம்பியில் சமிக்ஞை கெடுகிறது என்று பொருள். கேபிள், இணைப்பி, மின்வழங்கி ஆகியவற்றைப் பாருங்கள். ஸ்மார்ட் 199 கூடிக்கொண்டே போனாலும் அப்படித்தான். 'எஸ்எர்' சுழியமாக இருந்து, வெறும் டைம்அவுட் மட்டும் வந்தால் ஃபர்ம்வேர் மேல் சந்தேகம் வலுக்கிறது. அப்போது சிஸ் அடைவில் அந்த டிஸ்க்கின் 'க்யூ டெப்த்' கோப்பில் 1 என்று எழுதுங்கள். ரீபூட் இல்லாமலே என்சிக்யூ அணைந்துவிடும். வழக்கமாக அங்கே 31 அல்லது 32 இருக்கும். 1 என்று வைத்ததும் பிழை முழுவதும் நின்றால் வரிக்கு நியாயம் உண்டு. குறைந்து, நிற்காமல் இருந்தால் நியாயம் இல்லை. நெரிசல் குறைந்ததால் வேறொரு பிழை மறைகிறது.

இன்னொரு பொறி. பிழைகள் அதிகமானால் லிப்ஏடிஏ தானாகவே என்சிக்யூவை அணைத்துவிட்டு, 'என்சிக்யூ டிசேபிள்டு டியூ டு எக்சஸிவ் எரர்ஸ்' என்று பதிவில் ஒரே ஒரு வரி போடும். அதற்குப் பிறகு கணினி அமைதியாக ஓடும். சோதிக்கிறவர் "முதல் பத்து நிமிடம் கொஞ்சம் தடுமாறியது, பிறகு சரியாகிவிட்டது" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். அந்த வரியைத் தேடுங்கள். இணைப்பின் வேகம் 6-இலிருந்து 3 கிகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதுவும் டிரைவர் தானாகச் செய்வதுதான்.

எழுதும்போது மட்டும், அதுவும் 'ஃப்ளஷ் கேஷ்' கட்டளையில் டைம்அவுட் வந்தால், சீகேட்டின் 1.5 டெராபைட் 'எஸ்டி31500341ஏஎஸ்' குடும்பத்தை நினைவில் வையுங்கள். எஸ்டி15 முதல் எஸ்டி19 வரையான ஃபர்ம்வேர்களில் என்சிக்யூவோடு சேரும்போது இந்தக் கோளாறு வந்தது. அந்த வரிகளில் தடையோடு ஒரு எச்சரிக்கைக் குறிப்பும் இருக்கிறது. தடையைத் தொட்டாலும் எச்சரிக்கையைத் தொடாதீர்கள்.

அறிகுறி: பிழையே இல்லை, ஆனால் சுழியமாக இருக்கவேண்டிய இடத்தில் பழைய தரவு

இது அபூர்வம். ஆனால் இந்தப் பட்டியலில் என்னை மிகவும் பயமுறுத்தும் கோளாறு இதுதான், ஏனென்றால் பதிவில் ஒரு எழுத்துகூட வராது.

பட்டியலில் ஒரு வரி இப்படி இருக்கும்: மாடல் 'இன்டெல்*எஸ்எஸ்டிஎஸ்சி2எம்ஹெச்*', ஃபர்ம்வேர் காலி, குறிப்பு 0. குறிப்பு 0 என்றால் எதுவும் செய்யாதே என்று அர்த்தம். சுத்தம் செய்ய வருகிறவர் கண்ணுக்கு இது வெட்டி வரி. பட்டியலில் இல்லாத டிஸ்க்குக்கும் குறிப்பு 0 தானே, பிறகு இது எதற்கு என்று தோன்றும்.

அதற்குச் சில வரிகள் கீழே பாருங்கள். 'இன்டெல்*எஸ்எஸ்டி*' என்று எல்லா இன்டெல் எஸ்எஸ்டிகளையும் பிடித்து, டிரிம் செய்த இடம் கட்டாயம் சுழியமாகத் திரும்பும் என்று உத்தரவாதம் கொடுக்கிறது. பட்டியலில் மேலிருந்து வரும்போது முதலில் பொருந்தும் வரிதான் வெல்லும். அதோடு தேடல் நின்றுவிடும். இன்டெல் 510 டிஸ்க் அந்த உத்தரவாதத்தைக் காப்பாற்றாது. அதைப் பொது வரிக்கு வரவிடாமல் வாசலிலேயே நிறுத்துவதுதான் 0 வரியின் வேலை. அதை எடுத்தால் 510 டிஸ்க்கும் நம்பத் தகுந்தவற்றோடு சேர்ந்துவிடும். சுழியம் எழுதச் சொன்னால் டிரிம் செய்து விட்டுவிடலாம் என்று மேலடுக்கு நினைக்கும். திரும்பப் படிக்கும்போது பழைய தரவு வரலாம்.

வரிகளை அகர வரிசையில் அடுக்கினாலும் இதே ஆபத்துதான். குறிப்பிட்ட மாடல் மேலே, பொதுவானது கீழே என்ற வரிசைக்கு அர்த்தம் இருக்கிறது. அடுக்கிய பேட்ச் வந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சோதிக்க, தேவையில்லாத டிஸ்க் ஒன்றில் அடையாளம் தெரியும் தரவை எழுதி, அந்தப் பகுதியை டிஸ்கார்டு செய்து, கேஷைத் தாண்டி நேரடியாகப் படித்துப் பாருங்கள். ஒருமுறை சுழியம் வந்தால் போதாது. ரீபூட் செய்து மறுபடி படியுங்கள், அளவை மாற்றி மறுபடி செய்யுங்கள்.

அறிகுறி: வரியைக் குறுக்கினேன், இப்போது யாருக்கும் பொருந்தவில்லை

பெரும்பாலும் எழுத்துப் பிரச்சினை. பொருத்தம் பார்க்கும்போது பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. சாம்சங் தன் பெயரை ஒரு டிஸ்க்கில் முழுக்கப் பெரிய எழுத்தில் சொல்லும், இன்னொன்றில் முதல் எழுத்தை மட்டும். எம்எக்ஸ்100 தன் பெயரை 'க்ரூஷியல்' என்று தொடங்கிச் சொல்லும். எம்எக்ஸ்500 நேராக 'சிடி' என்று தொடங்கும். பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பாமல், டிஸ்க் சொல்லும் பெயரை அப்படியே நகலெடுங்கள். அப்படியும் பொருந்தவில்லை என்றால் மேலே வேறொரு வரி முந்திக்கொள்கிறது.

அறிகுறி: பிழை இல்லை, ஆனால் எழுதும் வேகம் பரிதாபம்

பொதுப் பட்டியலில் ஒன்றும் இல்லை என்றால், கன்ட்ரோலர் டிரைவருக்குள்ளேயே தனிப் பட்டியல் இருக்கலாம். சாட்டா_சில் டிரைவரில் சிலிக்கான் இமேஜ் 3112 சிப்போடு சில சீகேட் டிஸ்க்குகள் சேர்ந்தால் ஒரு கோரிக்கைக்கு 15 செக்டர், அதாவது 7680 பைட், என்று அடக்கிவைக்கிறார்கள். 'மாட்15ரைட்' என்று அதற்குப் பெயர். வேகம் படுத்துவிடும். எடுத்துவிட ஆசை வரும். எடுத்தால் பெரிய அளவில் தரவு எழுதும்போது டிஸ்க் தொங்கிப்போகும். அந்த இரண்டு சாதனங்களும் கையில் இல்லாமல் அதைத் தொடவேண்டாம்.

அறிகுறி: எல்லாம் ஓடுகிறது, லேப்டாப் பேட்டரி மட்டும் சீக்கிரம் தீர்கிறது

இது தலைகீழ் நிலை. வரி இருப்பதுதான் நோய். 2018-இல் சான்டிஸ்க் 'எஸ்டி7யூபி3க்யூ' எஸ்எஸ்டி ஒன்றுக்கு இணைப்பின் மின்சேமிப்பை அணைக்கும் வரி சேர்ந்தது. ஒரு திங்க்பேட் டி450எஸ் லேப்டாப் தினமும் ஒருமுறை போல உறைந்ததுதான் காரணம். அதே டிஸ்க்கை நிம்மதியாக வைத்திருந்த மற்றவர்களிடமிருந்து, சும்மா இருக்கும்போதே மின்செலவு கூடிவிட்டது என்று புகார் வரத் தொடங்கியது. அந்த வரியை அதே வருடம் கர்னல் உருவாக்குநர் ஹான்ஸ் டி கூடே நீக்கினார். அவர் காட்டிய காரணத்தைப் படித்துப் பாருங்கள்: உறைவதற்கு அந்த லேப்டாப்பில் வேறு கோளாறு இருக்கவேண்டும், மின்சேமிப்பு இயங்கியதும் சிப் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போக முடிந்ததால் அது வெளியே வந்தது.

உங்கள் டிஸ்க்குக்கும் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று சந்தேகித்தால், ஸ்கஸி ஹோஸ்ட் அடைவில் மின்சேமிப்புக் கொள்கை என்ன என்று பாருங்கள். 'மேக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்' என்று இருந்தால் சேமிப்பு இல்லை. லேப்டாப்புக்கு ஏற்றது 'மெட் பவர் வித் டிப்ம்'. 'லிப்ஏடிஏ.ஃபோர்ஸ்=எல்பிஎம்' போட்டுத் தடையை நீக்கி, இரண்டு மூன்று வாரம் அன்றாட வேலைக்கே பயன்படுத்துங்கள். உறக்கத்திலிருந்து எழுப்புவது, மேசையில் ஒரு மணி நேரம் சும்மா விடுவது இரண்டையும் கட்டாயம் செய்யுங்கள். மின்சேமிப்புக் கோளாறு வேலை செய்யும்போது வராது, ஓய்வில்தான் வரும்.

வரலாறு தோண்டுவது, திரும்ப வைப்பது

ஒரு வரி ஏன் வந்தது என்று 'கிட் பிளேம்' (ஒவ்வொரு வரியும் கடைசியாக எப்போது மாறியது என்று காட்டும் கட்டளை) கேட்டால், 6.12-இல் நடந்த பெயர் மாற்றத்தைத்தான் காட்டும். மாடல் பெயரைக் கொடுத்து 'கிட் லாக் மைனஸ் எஸ்' (பெரிய எழுத்து எஸ்) ஓட்டுங்கள். அந்தச் சொல் முதலில் நுழைந்த கமிட், அதாவது மாற்றப் பதிவு, கிடைக்கும். கிட் வரலாறு 2005 ஏப்ரலில்தான் தொடங்குகிறது. அதற்கும் முந்தைய வரிகளுக்குப் பழைய ஐடிஇ டிரைவரைத் தேடவேண்டும். அதை 2021-இல் 5.14 பதிப்பில் கர்னலிலிருந்தே எடுத்துவிட்டார்கள், எனவே பழைய பதிப்பை இறக்கித்தான் பார்க்கமுடியும்.

திரும்ப வைக்கும் கமிட்டில் டிஸ்க் சொன்ன மாடல் பெயர், ஃபர்ம்வேர் எண், கன்ட்ரோலரின் பிசிஐ எண், பிழை வரி முழுவதும், எந்த வேலையின் போது எத்தனை நேரத்தில் வந்தது, 'ஃபோர்ஸ்' அளவுரு போட்டபோது நின்றதா என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். நீக்கிய கமிட்டைச் சுட்டும் 'ஃபிக்சஸ்' வரியையும், நிலையான கர்னல்களுக்கு அனுப்பும் குறிப்பையும் சேர்த்துவிடுங்கள். நீங்கள் வரியை எடுத்த கமிட் ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.